உம்மம்மாவின் பதினைந்து வயதுக்கு ஒரு நாள்



பெற்றார் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வாரமாக என்னைப் பற்றி ஓடிக்கொண்டிருக்கும் கதைக்கு நான் அங்கே பதில் போடவில்லை. வொய்ஸுக்கு வொய்ஸ் என்று போனால் அது முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. அஸருக்குப் பிறகு தேத்தண்ணியோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள்.

குற்றச்சாட்டு இதுதான். தரம் 10 பெண் பிள்ளைகளுக்கு டீச்சர் நாவல் வாசித்துக் காட்டுகிறா. அதுவும் பழைய காலத்துக்குப் போய் வருகிற டைம் ட்ராவல் கதை. அதைக் கேட்டுவிட்டு வந்து பிள்ளைகள் வயதானவர்களிடம் கேட்கக்கூடாததை எல்லாம் கேட்கிறார்கள்.

முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதிலும் பாதி உண்மை. அதற்குப் பிறகு வருகிறேன்.

"எங்கட புள்ள நாவல் எல்லாம் வாசிக்கிறல்ல டீச்சர்" என்று என்னிடம் சொன்ன ஓர் உம்மாவின் மகள், வகுப்பிலேயே அதிகம் வாசிக்கிற பிள்ளை. வாசிப்பது ஃபோனில், வொட்பேடில். கதை என்னவென்று கேட்டேன். ஒரு பெரிய பணக்காரன். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டாயக் கல்யாணம் செய்கிறான், அடிக்கிறான், அறையில் பூட்டி வைக்கிறான். நாற்பதாவது அத்தியாயத்தில் அவளுக்கு அவன்மேல் அன்பு வந்துவிடுகிறது. இதை எங்கள் பிள்ளைகள் சஹர் வரை விழித்திருந்து வாசிக்கிறார்கள். எனவே "நாவல் வாசிக்கலாமா கூடாதா" என்ற கேள்வியே பழசாகிப் போய்விட்டது. எதை வாசிப்பது என்பதுதான் மிச்சமிருக்கிற கேள்வி. அந்தப் பிள்ளைக்கு ஃபோனைப் பறித்தால் போதாது, கையில் வேறொன்றைக் கொடுக்கவும் வேண்டும்.

பொன்னியின் செல்வன் படம் 2022 இலும் 2023 இலும் வந்த பிறகு எங்கள் நூலகத்தில் ஒரு புதினம் நடந்தது. பிள்ளைகள் வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். 1950 தொடக்கம் 1954 வரை கல்கியில் தொடராக வந்த கதை. எழுபது வருசத்துக்குப் பிறகு புத்தளத்துப் பெட்டைகள் ஐந்து பாகத்தையும் பை நிறையச் சுமந்துகொண்டு போகிறார்கள் என்றால் அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. யாரைப் பிடிக்கும் என்று கேட்டால் பாதிப் பேர் குந்தவை என்பார்கள். களப்புப் பக்கம் இருந்து வருகிற பிள்ளைகள் எல்லாரும் பூங்குழலி. இரவில் தனியாக வள்ளம் வலித்துக் கடல் கடக்கிற பெண் பிள்ளை. வள்ளமும் காற்றும் தெரிந்த வீட்டில் இருந்து வருகிற பிள்ளைக்கு அது சும்மா கதையல்ல.

ஆனால் தமிழில் சரித்திர நாவல் என்றால் பெரும்பாலும் அரண்மனைதான். அந்தக் கதைகளில் பெண் பிள்ளை இளவரசியாக இருப்பாள், இல்லாவிட்டால் இளவரசியின் தோழி. சமைக்கிறவள், தண்ணி அள்ளுகிறவள், பாய் இழைக்கிறவள் ஒரு பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். எங்கள் பிள்ளைகளின் மூத்தம்மாமார் எல்லாரும் அந்த எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஆட்கள்தான்.

இந்த இடத்தில்தான் டைம் ட்ராவல் என்கிற வகை எனக்குப் பிடித்துப்போனது. ட்ரெயினிங்கில் இருந்த காலத்தில் மருதானைப் பழைய புத்தகக் கடையொன்றில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் வாங்கினேன். அவுஸ்திரேலிய எழுத்தாளர் ரூத் பார்க் 1980 இல் எழுதிய 'ப்ளேயிங் பீட்டி போ'. வகுப்பில் நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தது அதைத்தான்.

அபிகேல் பதினான்கு வயதுப் பிள்ளை, சிட்னியில் இருக்கிறாள். வாப்பா வேறொரு பெண்ணோடு போய்விட்டு, இப்போது திரும்பி வர நிற்கிறார். உம்மா ஓம் என்று சொல்லப் போகிறா. பிள்ளைக்கு உம்மாவோடு கோபம், வாப்பாவோடு கோபம், உலகத்தோடே கோபம். ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளையைத் தொடர்ந்து போய் 1873 ஆம் ஆண்டுக்குள் விழுந்துவிடுகிறாள். அதே சிட்னி, அதே இடம். ஆனால் இப்போது அது ஏழைகளின் ஒழுங்கை. அவளை எடுத்து வைத்திருக்கிற குடும்பம் இனிப்புப் பண்டம் செய்து விற்கிற குடும்பம். அங்கே அவளுக்குக் கிரீடமும் கிடைப்பதில்லை, பல்லக்கும் கிடைப்பதில்லை. கக்கூஸ் இல்லை, குளிக்க ஒழுங்கான தண்ணி இல்லை, கறை பிடித்த கனமான உடுப்பு, எங்கே பார்த்தாலும் காய்ச்சல். அவள் பின்னால் போன சின்னப் பிள்ளை பீட்டி இருக்கிறாளே, அவளுக்குத் தலைமுடி கட்டை. காய்ச்சல் கண்டதில் வெட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் படிக்க ஆசை. பெட்டைக்கு எதற்குப் படிப்பு என்கிற காலம். அந்தக் கோபம் அவளுடைய ஒவ்வொரு வார்த்தையிலும் இருக்கும்.

இதை வாசித்துக் காட்டியபோது வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், அவ ராணியாப் போகாம ஏன் மிட்டாய்க் கடைக்குப் போனா?" நல்ல கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளை சொன்னது: "ராணி ஒரு ஆள்தானே. மிச்ச ஆக்கள் எல்லாம் மிட்டாய்க் கடைதானே." அந்தப் பிள்ளைக்கு தமிழ்ப் பாடத்தில் நாற்பது புள்ளி தாண்டுவது கஷ்டம்.

அந்தக் கதையில் அவள் காலம் கடக்கக் காரணம் ஒரு பின்னல் துண்டு. பழைய உடுப்புகளுக்கிடையே கிடந்து எடுத்து, தன் சட்டையில் வைத்துத் தைத்திருப்பாள். அது அந்தக் குடும்பத்துப் பாட்டியின் கைவேலை. பாட்டி அதை அப்போது இன்னும் பின்னி முடித்திருக்கவே இல்லை. இதைச் சொன்னதும் பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் அப்படி ஏதோவொன்று கிடக்கிறது. பித்தளைக் கெண்டி, வெற்றிலை வட்டா, ஓரம் பிய்ந்த ஒரு பன் பாய்.

பெற்றார் கேட்கலாம் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தில் ஒரு இடத்தில் அபிகேல் தெருவில் மோசமான ஆட்களின் கையில் மாட்டிக்கொள்வாள். அந்தப் பகுதியை நான் வகுப்பில் வாசிக்கவில்லை. பின்னால் ஒரு காதலும் வருகிறது, கண்ணியமான காதல். அதை வாசித்தேன். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு காதல் என்றால் என்னவென்றே தெரியாது என்று நாங்கள் நடிப்பதில் பிரயோசனம் இல்லை. கட்டாயக் கல்யாணப் பணக்காரனிடம் கற்பதை விட, விரும்பியவனுக்கு வேறொருத்தி நிச்சயம் என்று தெரிந்ததும் விலகி நிற்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கற்கட்டும்.

எல்லா டைம் ட்ராவல் நாவலும் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜேர்மன் எழுத்தாளர் கெர்ஸ்டின் கியர் 2009 இல் தொடங்கிய மூன்று பாகக் கதை உலகம் முழுக்க ஓடியது. இங்கிலிஷ் மீடியம் பிள்ளைகள் சிலர் வாசித்திருக்கிறார்கள். விறுவிறுப்பாகப் போகும், சிரிப்பும் வரும். ஆனால் அங்கே பழைய காலம் என்பது பெரும்பாலும் பட்டு உடுப்பும் விருந்தும் அழகான பையனும்தான். பஸ்ஸில் போகும்போது வாசிக்கலாம்.

இப்போது மார்க்க விசயம்.

"காலத்தில் பின்னால் போவது என்பது கத்ருக்கு எதிரான கதை, ஈமானைக் கெடுக்கும்" என்று ஒரு சகோதரர் எழுதியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். அவருக்கு இரண்டு விசயம் சொல்ல வேண்டும்.

ஒன்று. நாங்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறோம். குகையில் தூங்கிய வாலிபர்கள் முந்நூறு வருசமும் மேலே ஒன்பதும் கழித்து எழும்பி, ஒரு நாளோ கொஞ்ச நேரமோதான் தூங்கினோம் என்று நினைத்து, வெள்ளிக் காசைக் கொடுத்து ஒருவரைச் சாப்பாடு வாங்க அனுப்புகிறார்கள். அந்தப் பழைய காசைக் கண்டுதான் ஊர் ஆட்கள் திகைத்தார்கள் என்று தஃப்ஸீர்களில் வருகிறது. சூரத்துல் பகராவில், பாழடைந்த ஊரைக் கடந்து போன மனிதரை அல்லாஹ் நூறு வருசம் மௌத்தாக்கி எழுப்புகிறான். கொண்டு போன சாப்பாடு கெடவில்லை, கழுதை எலும்பாகிக் கிடக்கிறது. (கழுதையைக் கண்டதும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். புத்தளத்தில் கழுதை இல்லாத தெரு ஏது.) நான் வஹியையும் நாவலையும் ஒன்றாக வைக்கவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். அது ஹக்கு, இது கற்பனை. ஆனால் தன் காலத்தை விட்டு இன்னொரு காலத்தில் கண் விழிக்கிற மனிதனை வைத்து ஒரு பாடம் சொல்லலாம் என்பது எங்களுக்குப் புதிதா?

இரண்டு. இந்த வகையில் நல்ல கதைகள் எல்லாம் கத்ரின் பக்கம்தான் நிற்கின்றன. அலிசன் அட்லி என்ற ஆங்கிலேய எழுத்தாளர் 1939 இல் எழுதிய 'எ ட்ராவலர் இன் டைம்' என்றொரு நாவல். பெனலப்பி என்ற பிள்ளை சொந்தக்காரரின் பண்ணை வீட்டுக்குப் போகிறாள். ஒரு கதவைத் திறந்தால் பதினாறாம் நூற்றாண்டு. அங்கே அவளுடைய மூதாதைப் பெண் ஒருத்தி அதே வீட்டின் அடுக்களையைப் பார்த்துக்கொள்கிறா. வீட்டுக்காரரான ஆந்தனி பாபிங்டன், சிறையில் இருக்கும் ஸ்கொட்லாந்து ராணி மேரியைக் காப்பாற்றச் சதி செய்துகொண்டிருக்கிறார். பெனலப்பி சரித்திரம் படித்த பிள்ளை. சதி பிடிபடும், 1586 இல் பாபிங்டனைக் கொல்வார்கள், 1587 இல் ராணியின் தலையை வெட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆட்கள் அவளுக்குச் சாப்பாடு போடுகிறார்கள், அவளோடு சிரிக்கிறார்கள். அவளால் ஒன்றையும் மாற்ற முடியாது. எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான். முடிவு தெரிந்துகொண்டு ஒருவரை நேசிப்பது எப்படி இருக்கும் என்பதுதான் அந்தக் கதை. இதில் எந்த இடத்தில் ஈமான் கெடுகிறது என்று அந்தச் சகோதரர் காட்டட்டும்.

இன்னொரு புத்தகத்தைச் சொல்ல நான் நிறைய யோசித்தேன். காஸாவில் பிள்ளைகள் இப்படி அழிந்துகொண்டிருக்கிற காலத்தில் ஒரு யூதப் பிள்ளையின் கதையைப் பற்றி எழுதினால் என்ன கமெண்ட் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். ஜேன் யோலன் 1988 இல் எழுதிய 'த டெவில்ஸ் அரித்மெட்டிக்'. ஹன்னா அமெரிக்காவில் வசதியாக வளர்கிற பிள்ளை. பெருநாள் விருந்துக்குக் குடும்பம் கூடும்போதெல்லாம் வயதானவர்கள் ஹிட்லரின் முகாமில் பட்டதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது. நினைத்து நினைத்துக் களைத்துவிட்டேன் என்கிற மாதிரி ஒரு பிள்ளை. அன்றிரவு கதவைத் திறக்கிறாள். 1942, போலந்துக் கிராமம். சில நாளில் முகாமுக்கு ரயில். திரும்பி வரும்போது, தன் வீட்டில் இத்தனை வருசமாக இருந்த மாமிக்காரி யார் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

நான் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைத்தது போலந்தை அல்ல. புத்தளத்தை. எங்கள் வகுப்பை.

எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஊர்க்காரர் வீட்டுப் பிள்ளைகள். மிச்சப் பேர் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கில் இருந்து விரட்டிய குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை. யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒக்டோபர் 30 இல் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று எல்லா இடத்திலும் இருந்து எழுபதாயிரத்துக்கும் மேல் ஆட்கள். அதில் பெரும் பகுதி இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தது. இங்கே பிறந்து, இங்கே வளர்ந்து, இங்கத்தைய பேச்சே பேசுகிற பிள்ளையை இன்றைக்கும் சண்டை வந்தால் "அகதி" என்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் 1990 பற்றிக் கேட்டால் ஹன்னாவின் முகம்தான். "எங்கட வீட்டில எந்த நேரமும் அந்தக் கதைதான் டீச்சர்." ஒரு பக்கம் கேட்டுக் கேட்டு அலுத்த பிள்ளைகள். மறு பக்கம் ஒரு தடவைகூடக் கேட்டிராத பிள்ளைகள். இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள்.

அதனால்தான் அந்தப் பயிற்சியைக் கொடுத்தேன்.

உங்கள் உம்மம்மா அல்லது வாப்பும்மாவின் பதினைந்து வயதுக்கு நீங்கள் ஒரு நாள் போய் வந்திருக்கிறீர்கள். சுபஹில் இருந்து இஷா வரைதான். எதையும் மாற்ற முடியாது. யாருக்கும் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. கண்டதை எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவர்களிடம் போய்க் கேளுங்கள்: என்ன உடுத்தீர்கள், எங்கே தண்ணி அள்ளினீர்கள், என்ன தின்றீர்கள், யார் உங்கள் கூட்டாளி. 'வெளியேற்றத்தை எழுது' என்று நான் சொல்லவே இல்லை. பதினைந்து வயது என்றுதான் சொன்னேன்.

முப்பத்தொரு கொப்பி வந்தது. பன்னிரண்டில் ஆதாரமே இல்லாமல் அரண்மனை. (பொன்னியின் செல்வன், வேறென்ன.) நாலைந்து கூகுளில் இருந்து வந்தது. ஒரு பிள்ளை தன் வாப்பும்மா உப்பளத்தில் வேலை செய்த நாளை எழுதியிருந்தது. காலில் உப்பு அறுத்த வெடிப்பு, இரவில் அதற்குத் தேங்காயெண்ணெய் சூடாக்கிப் பூசுவது, வெள்ளை வெயிலில் கண் கூசுவது. அந்தப் பிள்ளையின் வீடு இப்போது மூன்று மாடி. அந்தக் கால் அதே வீட்டில்தான் இருக்கிறது, யாரும் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று எழுதியதைத்தான் நான் மறக்க மாட்டேன். உம்மம்மாவுக்குப் பதினைந்து வயது என்றால் 1974. அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பஞ்சம், பாணுக்கு விடியச் சாமத்தில் கியூ. உம்மம்மா சோனகத் தெருவில் இருந்து தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பாவாம். அவவுக்கு முன்னால் எப்போதும் ஒரு தமிழ்ப் பிள்ளை நிற்கும். பிந்திப் போனாலும் அந்தப் பிள்ளை ஒரு செங்கல்லை வைத்து இடம் பிடித்து வைத்திருக்கும். பாண் வாங்கியதும் இரண்டு பேரும் ஓரத்தைப் பிய்த்துச் சூட்டோடு தின்றுகொண்டு போவார்கள். முப்பத்தைந்து வருசமாக வீட்டில் 1990 இன் கதையை நூறு தடவை சொன்ன உம்மம்மா, இந்தச் செங்கல்லைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லையாம். யாரும் கேட்கவில்லை.

பிள்ளை தன் கதையின் முடிவில், தானும் அந்தக் கியூவில் அவர்கள் இருவருக்கும் பின்னால் நிற்பதாக எழுதியிருந்தது. இன்னும் பதினாறு வருசத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், சொல்ல முடியாது, அதனால் உம்மம்மாவின் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டேன் என்று முடித்திருந்தது. அந்தப் பிள்ளை அலிசன் அட்லியை வாசித்ததில்லை.

இனி, நான் பாதி உண்மை என்று சொன்ன விசயம்.

இன்னொரு பிள்ளை அதே கேள்விகளோடு தன் உம்மம்மாவிடம் போயிருக்கிறது. பதினைந்து வயதில் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறது. உம்மம்மா, "பதினாலுல கலியாணம், பதினஞ்சுல உன்ட பெரிய மாமா" என்றிருக்கிறா. பிள்ளை விடவில்லை. உங்களுக்கு விருப்பமா என்று கேட்டிருக்கிறது. ஐம்பது வருசத்தில் முதல் தடவையாக அந்த மனுசி, "இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதிருக்கிறா. வீட்டில் மாமாமார் இருந்த நேரம். அன்றைக்குத்தான் குரூப்பில் முதல் வொய்ஸ் வந்தது.

இதில் என் பிழை இருக்கிறது. பயிற்சியைக் கொடுக்கும் முன் பெற்றாரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வயதானவர்களிடம் எந்தக் கேள்வியை எந்த நேரத்தில் கேட்பது, அவர்கள் வேண்டாம் என்றால் எப்படி நிறுத்துவது என்று பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முழுக்கச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. அந்தக் குடும்பத்திடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கலியாண வயது, சட்டம் என்கிற விவாதத்துக்குள் இந்தப் பதிவில் நான் போகவில்லை, யாரும் கமெண்டில் இழுக்க வேண்டாம். ஆனால் பிள்ளை கேட்டது கேட்கக்கூடாத கேள்வி என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்த மனுசி அழுதது பிள்ளை கேட்டதாலா, ஐம்பது வருசம் ஒருவரும் கேட்காததாலா?

பயிற்சியை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் "இது ஓ.எல்.க்கு வருமா டீச்சர்?" என்றும் ஒருவர் கேட்டார். வராது.

எனக்கு இருக்கிற பெரிய கவலை வேறு. நான் ஏன் ஒரு சிட்னிப் பிள்ளையின் கதையை வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது? எங்கள் கதையாகத் தமிழில் ஒன்று கையில் இல்லையே என்பதால்தானே. இந்த நாட்டின் முதல் தமிழ் நாவலையே எழுதியவர் எங்கள் சித்திலெப்பை. 1885 இல் 'அசன்பேயுடைய கதை'. கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று பாடுபட்டவரும் அவர்தான். ஆனால் அந்தக் கதை நடப்பது எகிப்திலும் இந்தியாவிலும். வங்காளத்தில் ரொக்கையா சகாவத் ஹொசைன் 1905 இல் ஒரு கனவுக் கதை எழுதினார், 'சுல்தானாவின் கனவு'. பெண்கள் ஆள்கிற நாடு, சூரிய வெப்பத்தில் சமையல், வானத்தில் பறக்கிற வண்டி. வெளியானது மதராஸில் இருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில். ஆறு வருசத்துக்குப் பிறகு கல்கத்தாவில் எட்டுப் பிள்ளைகளோடு முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினதும் அதே பெண்மணிதான். நூற்றிருபது வருசம் ஆகிறது.

விசயத்துக்கா பஞ்சம்? 1344 இல் இப்னு பதூதா மாலைதீவில் இருந்து கப்பலில் வந்து இறங்கின பட்டாளா என்ற ஊர் எங்கள் புத்தளம்தான் என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள். கரை முழுக்கக் கறுவாக் கட்டை குவிந்து கிடந்தது என்கிறார். பாரசீகம் விளங்கிய ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக் காட்டுகிறார், பாவா ஆதம் மலைக்குப் போக வழித்துணைக்கு ஆள் கொடுக்கிறார். அதற்கு முன் அவர் காழியாராக இருந்த மாலைதீவை ஆண்டது கதீஜா என்ற ராணி. அந்தக் கரையில் கறுவா பொறுக்கிக்கொண்டு நின்ற பதினைந்து வயதுப் பெட்டை யார்? இப்னு பதூதா எழுதவில்லை. ஒரு நாவலாசிரியர் எழுதலாம். காலியில் 1911 இல் கண்டெடுத்த மும்மொழிக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. 1409 ஆம் ஆண்டுக் கல். சீனக் கப்பல்காரர் ஒரே கல்லில் சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயருக்கும் காணிக்கை எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை நூதனசாலைக்கு டூர் போய் அந்தக் கல்லைக் கை வைத்துத் தொட்டால் போதும், முதல் அத்தியாயம் முடிந்தது. (தொடக் கூடாது. கதையில் தொடலாம்.) போர்த்துக்கேயர் கரையோரத்தில் இருந்து விரட்டியவர்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 இல் கிழக்கில் குடியேற்றினாரே, அந்தப் பயணத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒருத்தி இருந்திருப்பாளே.

எழுதுகிற சகோதரிகள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். கவிதை எழுதுகிறீர்கள், நன்றாக எழுதுகிறீர்கள். ஒரு நாவல் எழுதுங்கள். பெண் பிள்ளைக்கு, பதினான்கு பதினைந்து வயதுக்கு, நூற்றைம்பது பக்கத்தில். உபதேசம் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் அவள் திருந்தித் தொழுகிறாள் என்று முடிக்க வேண்டாம், அவள் முதல் பக்கத்திலேயே தொழுகிற பிள்ளையாக இருக்கட்டும். இளவரசி வேண்டாம். தண்ணி அள்ளுகிற இடம் சரியாக இருக்க வேண்டும். அச்சடிக்கக் காசு சேர்ப்பது என் பொறுப்பு, இன்ஷா அல்லாஹ்.

கொப்பிகள் என் அலுமாரியில் இருக்கின்றன. புள்ளி போடவில்லை. பிள்ளைகள் தங்களுடையதை வந்து எடுத்துக்கொள்ளலாம். 'ப்ளேயிங் பீட்டி போ' ஒரு பிரதிதான் இருக்கிறது, அட்டை ஒட்டி வைத்திருக்கிறேன், கேட்கிற உம்மாமாருக்கு முதலில் தருவேன். வாசித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கடைசியில் அபிகேல் தன் காலத்துக்குத் திரும்பி வந்து தேடிப் பார்ப்பாள். படிக்க முடியாமல் கோபத்தில் கொதித்த அந்தக் கட்டை முடிப் பெட்டை, பின்னாளில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையாக இருந்திருப்பாள்.

நேற்று லுஹருக்குப் பிறகு பாணுக்கு நின்ற உம்மம்மாவின் பேத்தி வந்தது. கொப்பியைக் கேட்டது. உம்மம்மா கொண்டு வரச் சொன்னாவாம். அந்தக் கூட்டாளியின் முழுப் பெயர் ஞாபகம் வந்துவிட்டதாம், அதைக் கொப்பியில் எழுத வேண்டுமாம். கல்லு செங்கல்லும் இல்லையாம், அம்மிக் குழவியின் உடைந்த பாதியாம். பிழையாக எழுதி வைத்திருக்கிறீங்க, திருத்தச் சொன்னா டீச்சர் என்றது.

கொடுத்துவிட்டேன்.